மாமாவின் வேன் ஏன் உறுமியது?

கேரவன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏறி உட்கார்ற ஏசி வண்டி. வெளிநாட்டுல மோட்டார்ஹோம்னு சொல்லி குடும்பம் மொத்தமும் அதுலயே மாசக்கணக்கா ஊர் சுத்துவாங்க. வையம்பட்டியில எங்க மாமாகிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கு. ரொம்பப் பெரிசா கற்பனை பண்ணிடாதீங்க. பழைய டூரிஸ்ட் வேன் ஒண்ணை வாங்கி, கரூர்ல விட்டு உள்ளே மாத்திக் கட்டினது. பின்னாடி நாலு பேர் படுக்கிற பெர்த், ஒரு சின்ன அடுப்பு மேடை, 100 லிட்டர் தண்ணி டேங்க், கூரை மேல சாமான் கேரியர். ராமேஸ்வரம், காசி, சபரிமலைன்னு குடும்பமா போறவங்க வாடகைக்கு எடுப்பாங்க. தெருவுல எல்லாரும் அதை 'வீட்டு வேன்'னுதான் சொல்வாங்க.

போன ஐப்பசியில இந்த வீட்டு வேன் உறும ஆரம்பிச்சுது. 65 கி.மீ. வரைக்கும் ஒண்ணும் இருக்காது. 70 தாண்டினா தரையில இருந்து ஒரு அதிர்வு ஏறும். கால் பாதத்துல கரண்ட் பாயுற மாதிரி இருக்கும். சைடு கண்ணாடியில பின்னாடி வர்ற லாரி ரெண்டா தெரியும். அடுப்பு மேடையில பாத்திரம் எல்லாம் கிணுகிணுக்கும். பழனி போயிட்டு வந்த ஒரு குடும்பத்துல ஒரு பாட்டி "கால் மரத்துப் போச்சுப்பா"ன்னு சொல்லிட்டு இறங்கினாங்க. அதே குடும்பம் கார்த்திகைக்கு சபரிமலை போக வேற வண்டி புக் பண்ணிடுச்சு. மாமாவுக்கு வருஷத்துல பாதி வருமானம் அந்த ரெண்டு மாசத்துலதான்.

அவர் சும்மா இருக்கலை. வீல் பேலன்சிங் ரெண்டு தடவை, அலைன்மென்ட் ஒரு தடவை, முன்னாடி ரெண்டு புது டயர். 21,000 ரூபாய் காலி. உறுமல் மட்டும் அப்படியே இருந்துச்சு. அப்புறம்தான் போன் வந்துச்சு: "மாப்ள, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? வந்து பாரேன்."

இந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு பயப்படணும்னு மெக்கானிக்கல் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். நான் போனேன். முதல்ல தப்பாச் சொன்னேன். அந்தத் தப்பு எப்படி நடந்துச்சுன்னு சொன்னாத்தான் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இருக்கு, அதனால அதையும் மறைக்காம எழுதுறேன்.

முதல்ல அடிப்படை விஷயம். ஓடுற வண்டியில வர்ற அதிர்வுல பெரும்பாலானது ஏதோ ஒரு சுத்துற பொருள்ல இருந்து வருது. சக்கரம், புரோப்பல்லர் ஷாஃப்ட், எஞ்சின் மூணும் வேற வேற வேகத்துல சுத்துது. அதிர்வு நொடிக்கு எத்தனை தடவைன்னு தெரிஞ்சா, அது எந்தப் பொருளோட வேகத்தோட ஒத்துப் போகுதுன்னு பார்த்து ஆளைப் பிடிச்சிடலாம். ஒரு பார்ட்டைக் கூட கழட்ட வேண்டாம். கணக்கு எட்டாம் கிளாஸ் கணக்குதான்.

டயர்ல சாக்பீஸால ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுத்து தள்ளி, தரையில டேப் வெச்சு அளந்தோம். 2.15 மீட்டர். (டயர் ஓரத்துல எழுதியிருக்கிற சைஸை வெச்சு கணக்குப் போட்டா கொஞ்சம் கூட வரும். எடை ஏறும்போது டயர் அமுங்குதில்ல.) 75 கி.மீ. வேகம்னா நொடிக்கு 20.8 மீட்டர். 2.15-ஆல வகுத்தா சக்கரம் நொடிக்கு 9.7 சுத்து. அதாவது 9.7 ஹெர்ட்ஸ். வேகத்தை ஸ்பீடோமீட்டர்ல பார்க்காதீங்க, அது வழக்கமா கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். போன்ல ஜிபிஎஸ் வேகம் பாருங்க.

சக்கரம் ஒரு சுத்து சுத்த புரோப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிறது கிரவுன் ரேஷியோ. இந்த வேன்ல 4.11. மேனுவல் கைல இல்லைன்னா இப்படிப் பாருங்க: கியர் நியூட்ரல், முன் சக்கரத்துக்கு கட்டை, பின்னாடி ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்ட் குடுங்க. தூக்கின சக்கரத்தை சரியா ரெண்டு சுத்து சுத்தி, ஷாஃப்ட் எத்தனை சுத்து வருதுன்னு எண்ணுங்க. அதுதான் ரேஷியோ. ஏன் ரெண்டு சுத்துன்னா, இன்னொரு சக்கரம் தரையில நிக்கிறதால டிஃபரென்ஷியல் பாதியாக்கிடும். வைவாவுல கேட்பாங்க, ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆக 75-ல ஷாஃப்ட் 9.7 × 4.11, கிட்டத்தட்ட 40 ஹெர்ட்ஸ். அஞ்சாவது கியர் ஓவர்டிரைவ், அதனால எஞ்சின் அதைவிட மெதுவா, 32 ஹெர்ட்ஸ். மூணு சந்தேக ஆளும் தனித்தனியா நிக்கிறாங்க: 10, 32, 40.

சக்கரம் பேலன்ஸ் இல்லாட்டி என்ன ஆகும்னும் ஒரு வரி சொல்லிடுறேன், ஏன்னா எல்லாரும் முதல்ல ஓடுறது அங்கதான். ரிம் ஓரத்துல வெறும் 30 கிராம் அதிகமா இருந்தா, 80 கி.மீ. வேகத்துல அது சுமார் இரண்டரை கிலோ எடையோட விசையா மாறி, நொடிக்கு பத்து தடவை சக்கரத்தை மேலயும் கீழயும் இழுக்கும். வேகத்தோட வர்க்கத்துல ஏறுறதால 40-ல அதுல கால் பங்குதான், தெரியவே தெரியாது. முன் சக்கரம்னா ஸ்டியரிங் கையில உதறும், பின் சக்கரம்னா சீட்டுல. அந்த உதறலை எண்ண முடியாட்டியும் தனித்தனி அடியா உணர முடியும். பிரேக் போடும்போது மட்டும் உதறுதுன்னா டிஸ்க் இல்லாட்டி டிரம். அது வேற கதை.

இப்ப என் தப்புக்கு வருவோம்.

ஜெர்மனியில ஆஹன் நகரத்துல இருக்கிற ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகம் ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் குடுக்குது. போன்ல இருக்கிற ஆக்சிலரோமீட்டரை அதிர்வு அளக்கிற கருவியா மாத்திடும். எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு அதிர்வுன்னு கிராஃப் கூடப் போட்டுக் குடுக்கும். உள்ளே நடக்கிறது 1965-ல கூலியும் டூக்கியும் எழுதின எஃப்எஃப்டி, நாம செமஸ்டர்ல கையால போட்டுக் கதறின அதே கணக்கு. என் போனை டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி தரையில டபுள் டேப் போட்டு ஒட்டினேன். மணப்பாறை தாண்டி நாலுவழிச் சாலையில மாமா 70-ல நிறுத்திப் பிடிச்சார். கிராஃப்ல ஒரே ஒரு ஊசி மாதிரி பீக். 26 ஹெர்ட்ஸ்.

70-ல சக்கரம் 9, ஷாஃப்ட் 37, எஞ்சின் 30. 26 யாரோடயும் பொருந்தலை. நான் என்ன பண்ணியிருக்கணும்? பொருந்தலைன்னு ஒத்துக்கிட்டு இன்னொரு வேகத்துல அளந்திருக்கணும். நான் பண்ணினது, 26-க்கும் 30-க்கும் பெரிசா வித்தியாசம் இல்லை, கணக்குல எங்கயோ கொஞ்சம் விட்டிருப்போம்னு முடிவு பண்ணி, "எஞ்சின் மவுண்ட் போயிருக்கு மாமா"ன்னு சொன்னது. கிராஃபைக் காட்டினதால அவரும் நம்பிட்டார். புது மவுண்ட் செட், கூலி, எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். வண்டியை எடுத்தோம். பொன்னம்பலப்பட்டி டோல் வர்றதுக்குள்ள அதே உறுமல். மாமா ஒரு வார்த்தை சொல்லலை. டோல் தாண்டி ஓரமா நிறுத்தி டீ வாங்கிக் குடுத்தார். திட்டியிருந்தாக் கூடப் பரவால்லைன்னு இருந்துச்சு.

ஹாஸ்டலுக்குத் திரும்பி, எங்க டைனமிக்ஸ் லேப் அண்ணன்கிட்ட கிராஃபைக் காட்டினேன். அவர் கிராஃபைப் பார்க்கவே இல்லை. ரெண்டு கேள்விதான் கேட்டார். "ஸ்பீடு கூட்டினா பீக் எந்தப் பக்கம் போகுது?" தெரியாதுண்ணேன்னேன். "உன் போன் நொடிக்கு எத்தனை ரீடிங் எடுக்குது?" அதுவும் தெரியாது.

அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி வையம்பட்டி. இந்தத் தடவை 70, 75, 80 மூணுலயும் அளந்தேன். 70-ல 26. 75-ல 20. 80-ல 15. கொஞ்சம் நிறுத்தி இந்த நம்பர்களைப் பாருங்க. வண்டி வேகமாப் போகப் போக அதிர்வு மெதுவாகுது. சுத்துற எந்தப் பொருளும் அப்படி நடந்துக்காது.

சினிமாவுல கார் முன்னாடி போகும், சக்கரம் மட்டும் பின்னாடி சுத்துற மாதிரித் தெரியும், பார்த்திருப்பீங்க. கேமரா நொடிக்கு 24 படம்தான் எடுக்குது. ரெண்டு படத்துக்கு நடுவுல சக்கரத்தோட ஆரக்கால் அடுத்த ஆரக்கால் இருந்த இடத்துக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னா, நம்ம கண்ணுக்கு அது பின்னாடி நகர்ந்த மாதிரி இருக்கும். போன் சென்சாரும் அதே மாதிரி கேமராதான். என் பழைய போன் நொடிக்கு 100 ரீடிங் எடுக்குது. 100 ரீடிங்னா 50 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் உண்மையைச் சொல்ல முடியும். அதுக்கு மேல வர்ற அதிர்வு 50-ல முட்டித் திரும்பி கீழ வந்து பொய் பீக்கா உட்கார்ந்துக்கும். 74 ஹெர்ட்ஸ் வந்தா 100-ல இருந்து கழிச்சு 26-ன்னு காட்டும். சிக்னல்ஸ் பேப்பர்ல அலையாசிங்னு படிச்சு, எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கேன். அது என் பாக்கெட்டுக்குள்ளயே இருக்கும்னு தோணலை.

கழிச்சுப் பார்ப்போம். 26 உண்மையில 74. 20 உண்மையில 80. 15 உண்மையில 85. இப்ப வேகத்தோட சேர்ந்து ஒழுங்கா ஏறுது. ஷாஃப்ட் வேகம் அதே மூணு இடத்துல 37, 40, 42.5. சரியா ரெண்டு மடங்கு. தங்கச்சியோட புது போன் நொடிக்கு 400-க்கு மேல ரீடிங் எடுக்கும். கெஞ்சி வாங்கி ஒட்டினேன். 75 கி.மீ.ல 80 ஹெர்ட்ஸ்ல பீக் நின்னுச்சு.

புரோப்பல்லர் ஷாஃப்ட் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை அதிருதுன்னா நேரா யுனிவர்சல் ஜாயின்ட்டைப் பார்க்கணும். நம்ம மெக்கானிக்குங்க 'கிராஸ்'னு சொல்ற அந்தக் கூட்டல் குறி. இதுக்குக் கார்டன் ஜாயின்ட், ஹூக் ஜாயின்ட்னு ரெண்டு பேர் உண்டு. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிக்காரர் கார்டனோ, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் ராபர்ட் ஹூக் ரெண்டு பேர் பேராலயும். காருக்கு இதை ஒழுங்காக் கொண்டு வந்தது கிளாரன்ஸ் ஸ்பைசர், அமெரிக்காவுல கார்னெல்ல இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்த பையன். அதுவரைக்கும் நிறைய கார் செயின்லதான் ஓடிச்சு. 1903-ல பேட்டென்ட் கிடைச்சுது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை போர்டுல 'ஸ்பைசர்'னு பார்க்கிறோமே, அது இவர் பேருதான். நம்மை மாதிரி ஒரு ஸ்டூடண்ட். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

கிராஸ் ஜாயின்ட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ரெண்டு ஷாஃப்ட்டும் நேர்கோட்டுல இருந்தா பிரச்சனை இல்லை. கோணத்துல இருந்தா, ஒரு பக்கம் ஒரே சீரா சுத்தினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு தடவை வேகம் கூடி ரெண்டு தடவை குறையும். ஏழு டிகிரி கோணம்னா முக்கால் சதவீதம் மேல, முக்கால் சதவீதம் கீழ. கேட்கச் சின்னதா இருக்கு. ஆனா நிமிஷத்துக்கு 2,400 சுத்து சுத்துற ஷாஃப்ட் 18 சுத்து வேகம் கூடிக் குறைஞ்சு, அதை நொடிக்கு 80 தடவை பண்ணுதுன்னு யோசிச்சுப் பாருங்க.

அப்ப எல்லா லாரியும் பஸ்ஸும் உறுமணுமே? உறுமாததுக்குக் காரணம், ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கிராஸ் இருக்கிறதுதான். முன்னாடி இருக்கிறது கெடுக்கிறதை பின்னாடி இருக்கிறது அப்படியே திருப்பிச் சரி பண்ணிடும். நடுவுல இருக்கிற ஷாஃப்ட் மட்டும் திக்கித் திக்கி ஓடும், கிரவுனுக்குப் போறது சீரா போகும். ஆனா இதுக்கு ரெண்டு நிபந்தனை. ரெண்டு ஜாயின்ட்லயும் கோணம் சமமா இருக்கணும். ஷாஃப்ட்டோட ரெண்டு முனையில இருக்கிற கவட்டை, அதாவது யோக், ரெண்டும் ஒரே தளத்துல இருக்கணும். ஒண்ணு படுத்திருக்கும்போது இன்னொண்ணும் படுத்திருக்கணும். ஒண்ணு திரும்பிட்டா, சரி பண்ண வேண்டிய ஜாயின்ட்டும் சேர்ந்து கெடுக்க ஆரம்பிச்சிடும்.

கைனமேட்டிக்ஸ்ல இது ரெண்டு மார்க் கேள்வி. நான் எழுதியிருக்கேன்.

யோக் எப்படித் திரும்பும்? பின் ஆக்சில் மேடு பள்ளத்துல ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் நீளம் மாறணும். அதுக்காக நடுவுல ஸ்லிப் ஜாயின்ட்னு ஒண்ணு உண்டு, பல்லு வெட்டின ஒரு குழாய்க்குள்ள பல்லு வெட்டின தண்டு. கழட்டி மாட்டும்போது எந்தப் பல்லுல வேணும்னாலும் உள்ளே போயிடும். இந்த வண்டியில 16 பல்லு. ஒரு பல்லு தள்ளினா 22.5 டிகிரி.

வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தேன். ஷாஃப்ட் ரெண்டு துண்டு, நடுவுல சென்டர் பேரிங். முன் துண்டு கிட்டத்தட்ட நேரா இருக்கு. பின் துண்டோட ஒரு யோக் படுத்திருக்கு. இன்னொண்ணு சாய்ஞ்சு நிக்குது. போன்ல ஆங்கிள் வெச்சுப் பார்த்தேன், 45 டிகிரி. ரெண்டு பல்லு.

"மாமா, இந்த ஷாஃப்ட்டை எப்ப கழட்டினாங்க?"

"கிளட்ச் பிளேட் மாத்தும்போது. புரட்டாசியில. அதுக்கப்புறம்தானே மாப்ள இந்த உறுமலே. முதல் நாளே சொன்னேனே."

சொன்னார். நான்தான் போன்ல டேப் ஒட்டிட்டு இருந்தேன். அன்னைக்கு அவர் இன்னும் மூணு விஷயம் சொன்னார், ஒண்ணையும் நான் எழுதி வெச்சுக்கலை. "நியூட்ரல்ல விட்டாலும் அதே மாதிரிதான் இருக்கு"ன்னார். எஞ்சின் வேகம் இறங்கியும் உறுமல் மாறலைன்னா குற்றவாளி எஞ்சின் பக்கம் இல்லை. என் 6,500 ரூபாய் மவுண்ட் அந்த ஒரு வரியிலயே அடிபட்டிருக்கணும். (இந்த டெஸ்ட்டை நீங்க பண்ணினா, நேரான காலி ரோட்டுல மட்டும் பண்ணுங்க. சாவியை மட்டும் அணைச்சிடாதீங்க, பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாயிடும்.) "டிரான்ஸ்பார்மர் மாதிரி உறுமுது"ன்னார். நம்ம ஊர் டிரான்ஸ்பார்மர் உறுமுறது 100 ஹெர்ட்ஸ். அந்த மாதிரி காதுல ஒரு சுருதியாக் கேட்கிற சத்தம் 80-க்குப் பக்கத்துல இருக்கும். 26-ஆ இருந்தா படபடன்னுதான் இருந்திருக்கும். 27 வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறவரோட காது என் போனைவிட சாம்பிளிங் ரேட் அதிகம்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. "டேங்க் ரொம்பி, ஆளும் ஏறிட்டா குறையுது மாப்ள. காலியாத் திரும்பி வரும்போதுதான் உயிர் போகுது." கேட்கத் தலைகீழா இருக்கும். எடை ஏறினா பிரச்சனையும் ஏறணும்னுதானே நினைப்போம். ஆனா எடை ஏறினா ஸ்பிரிங் பட்டை அமுங்கி, பாடி ஆக்சிலை நோக்கி இறங்கும். சாய்வா இருந்த ஷாஃப்ட் கொஞ்சம் நேராகும். காலி வண்டியில ஜாயின்ட் கோணம் 7 டிகிரி இருந்துச்சு. டேங்க் நிரப்பி, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரையும் ஏத்தி உட்கார வெச்சு அளந்தப்ப 4. வேகம் கூடிக் குறையுறது கோணத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. 49-க்கு 16. மூணுல ஒரு பங்கு. மாமா சொன்ன 'குறையுது'க்கு அவ்வளவுதான் கணக்கு. டயர் பேலன்ஸ் பிரச்சனைன்னா ஆள் ஏறினதுக்காக இப்படி மூணுல ஒண்ணாக் குறைஞ்சிருக்காது.

வேலை ஒரு மணி நேரம். பின்னாடி நாலு போல்ட், ஷாஃப்ட்டை இறக்கி, ஸ்லிப்பை உருவி, ரெண்டு பல்லு திருப்பி, கிரீஸ் அடிச்சு மாட்டினது உள்ளூர் பட்டறைக்காரர். 400 ரூபாய் வாங்கினார். மாட்டும் முன்னாடி பழைய அழுக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சப்ப, குழாய்லயும் தண்டுலயும் கம்பெனி குத்தின அம்புக்குறி ரெண்டு இருந்துச்சு. ரெண்டும் நேர் நேர் பார்க்கணும். மேல அழுக்கு ஏறினதால புரட்டாசியில கழட்டினவங்க கண்ணுல படலை போல.

உங்க வீட்டு வண்டி, உங்க அப்பாவோட லோடு ஆட்டோ, பிராஜெக்ட்டுக்கு வாங்கின ஷாஃப்ட், எதுவா இருந்தாலும் கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுடுங்க. ஆப் போட்டு அளந்தா, குறைஞ்சது மூணு வேகத்துல அளங்க, போன் நொடிக்கு எத்தனை ரீடிங் எடுக்குதுன்னு முதல்ல பாருங்க. அதுக்கும் முன்னாடி ஓட்டுறவர்கிட்ட, எப்ப ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி வண்டியில என்ன வேலை நடந்துச்சுன்னு கேட்டு நோட்டுல எழுதுங்க.

இப்ப வேன் எப்படி இருக்கு? 80-ல அந்தப் பீக் இருந்த இடத்துல ஒரு சின்ன மேடுதான் மிச்சம். பாத்திரம் கிணுகிணுக்கலை. 85-க்கு மேல ஸ்டியரிங்ல ஒரு லேசான உதறல் மட்டும் இருக்கு, 11 ஹெர்ட்ஸ், அது முன் சக்கரம்தான், சந்தேகமே இல்லை. புது டயர் போட்டும் ஏன்னு இன்னும் பார்க்கணும். மார்கழியில சபரிமலைக்கு நாலு டிரிப் கிடைச்சுது. மவுண்ட்டுக்கான 6,500-ஐ முதல் சம்பளத்துல தர்றேன்னு சொல்லியிருக்கேன். "முதல்ல வேலை கிடைக்கட்டும் மாப்ள"ன்னார்.